எறும்பைக் காட்டுங்கள், பிள்ளை அல்லாஹ்வை அறியட்டும்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

நம் மஹல்லாவின் மக்தபில் மூன்று வயது முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கென பாலர் வகுப்பு நடக்கிறது. அதில் வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று எறும்பு, வண்ணத்துப்பூச்சி, தேனீ இவற்றைக் காட்டிக் கொடுக்கலாம் என்று முடிவு செய்யப்பட்டது. உடனே சில பெற்றோர்கள் வந்து கேட்டார்கள்: "ஹழ்ரத், அலிஃப், பா கற்றுக்கொள்ளத்தானே மதரஸாவுக்கு அனுப்புகிறோம்? பூச்சி பிடிக்கவா அனுப்புகிறோம்?"

கேள்வியில் தவறில்லை. பிள்ளையின் தீனைப் பற்றிக் கவலைப்படுகிற பெற்றோர்தான் இப்படிக் கேட்பார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தரட்டும். அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் இன்றைய ஜும்ஆவில் பார்க்கப் போகிறோம்.

குர்ஆனில் பூச்சிகள்

அலிஃப், பா கற்ற பிள்ளை எங்கே போய்ச் சேரும்? குர்ஆனுக்கு. அந்தக் குர்ஆனைத் திறந்தால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

16-வது அத்தியாயத்தின் பெயர் அந்நஹ்ல், தேனீ. 27-வது அத்தியாயத்தின் பெயர் அந்நம்ல், எறும்பு. 29-வது அத்தியாயத்தின் பெயர் அல்அன்கபூத், சிலந்தி. கொசுவை உதாரணமாகச் சொல்ல அல்லாஹ் வெட்கப்படுவதில்லை என்கிறது 2:26. அல்லாஹ்வை விட்டுவிட்டு இவர்கள் அழைக்கிறவை எல்லாம் ஒன்று திரண்டாலும் ஓர் ஈயைப் படைக்க முடியாது, ஈ எதையாவது பறித்துக்கொண்டு போனால் அதைத் திரும்ப வாங்கவும் முடியாது என்ற கருத்தை 22:73 பேசுகிறது. ஃபிர்அவ்னின் கூட்டத்தார் மீது அனுப்பப்பட்ட வெட்டுக்கிளிகளை 7:133-ல் காண்கிறோம். சுலைமான் நபியின் கைத்தடியை அரித்த சின்ன உயிரை 34:14-ல் காண்கிறோம். மறுமை நாளில் மனிதர்கள் சிதறிய ஈசல்களைப் போல ஆவார்கள் என்பது 101:4.

ஏழு வானங்களையும் படைத்தவன், தன் வேதத்தில் எறும்புக்கும் கொசுவுக்கும் இடம் கொடுத்திருக்கிறான். அவன் இடம் கொடுத்ததற்கு நம் மக்தபில் இடம் இல்லையென்றால், குறை பாடத்திட்டத்தில்தான்.

நம் முன்னோர்களான இமாம்களும் இதைச் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. எகிப்தில் வாழ்ந்த ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் தமீரி (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரி 808-ல் வஃபாத்தானவர்கள். "ஹயாத்துல் ஹயவான்" என்று உயிரினங்களுக்காகவே ஒரு பெரிய நூலை எழுதினார்கள். அரபு எழுத்து வரிசையில் ஒவ்வொரு உயிராக எடுத்து, அதன் பெயர், குணம், அது பற்றிய ஹதீஸ், அதன் ஃபிக்ஹுச் சட்டம் என்று அடுக்கியிருக்கிறார்கள். யானைக்கும் சிங்கத்துக்கும் இடம் கொடுத்தது போலவே எறும்புக்கும் ஈக்கும் கொசுவுக்கும் அதில் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

கண்ணால் பார்த்துக் கற்பது யார் காட்டிய வழி?

"சரி ஹழ்ரத், பாடமாகச் சொல்லிக் கொடுத்தால் போதாதா? மண்ணில் உட்கார வைத்துக் காட்ட வேண்டுமா?" என்று அடுத்த கேள்வி வரும்.

அந்நஹ்ல் 16:78 வசனத்தைக் கவனியுங்கள். தாயின் வயிற்றிலிருந்து மனிதன் வெளியே வரும்போது அவனுக்கு ஒன்றுமே தெரியாது. ஒன்றும் அறியாத அந்தப் பிள்ளைக்கு அல்லாஹ் செவியைக் கொடுத்தான், பார்வையைக் கொடுத்தான், இதயத்தைக் கொடுத்தான். நன்றி செலுத்த வேண்டும் என்பதற்காக. வசனத்தின் கருத்து இதுதான். கேட்டு, பார்த்து, உள்ளத்தில் வாங்கி, நன்றி செலுத்தும் இடத்துக்குப் பிள்ளை போய்ச் சேர வேண்டும். நாம் காதை மட்டும் பிடித்துக்கொண்டு கண்ணை விட்டுவிடுகிறோம். கண்ணை யாரிடம் விட்டிருக்கிறோம்? கைபேசியிடம்.

இப்ராஹீம் (அலை) அவர்கள் அல்லாஹ்வின் நண்பர். இறந்தவர்களை நீ எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று எனக்குக் காட்டு என்று கேட்டார்கள். ஈமான் இருந்தது, உள்ளம் அமைதி பெறுவதற்காகக் கேட்டார்கள். அல்லாஹ் அவர்களைக் கடிந்து கொள்ளவில்லை. நான்கு பறவைகளை எடுக்கச் சொன்னான், செய்ய வேண்டியதைச் சொன்னான், கண் முன்னால் காட்டினான் (2:260). ஆதமின் மகன் தன் சகோதரனைக் கொன்றுவிட்டு உடலை என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்தபோது, அல்லாஹ் ஒரு காகத்தை அனுப்பினான். அது மண்ணைத் தோண்டிக் காட்டியது (5:31). மனித குலத்தின் முதல் அடக்கமே, ஒரு பறவை செய்வதைப் பார்த்துக் கற்றதுதான்.

நம் நாயகம் (ஸல்) அவர்களின் வழியைப் பாருங்கள். ஓர் இளைஞர் ஆட்டின் தோலை உரித்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சரியாக வரவில்லை. அவ்வழியே வந்த அண்ணலார், சற்று விலகு, நான் உனக்குக் காட்டுகிறேன் என்று சொல்லி, தோலுக்கும் சதைக்கும் நடுவே தம் முபாரக்கான கையை அக்குள் வரை மறையும் அளவுக்கு விட்டு, செய்து காட்டினார்கள் (நூல்: அபூதாவூத்). இன்னொரு நாள் மனிதனையும், அவனது ஆசையையும், அவனைச் சூழ்ந்திருக்கும் அஜலையும் விளக்க, தரையில் சதுரமும் கோடுகளும் வரைந்து காட்டினார்கள் (நூல்: புகாரி). வளர்ந்த ஸஹாபாக்களுக்கே கோடு போட்டுக் காட்டிய நபியின் உம்மத், நான்கு வயதுப் பிள்ளையை அசையாமல் உட்கார வைத்து வாயால் மட்டும் பாடம் நடத்தினால் எப்படி?

நம் மாநிலத்தில் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என்று தொடங்கி, பிறகு தமிழகம் முழுவதும் கொண்டு போனார்கள். பிள்ளை தொட்டு, எடுத்து, அடுக்கிக் கற்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. அதைப் புதுமை என்று வியந்தோம். நமக்கு அது பழைய சொத்து.

அபூ உமைரின் குருவி

அனஸ் (ரலி) அவர்களுக்கு ஒரு தம்பி இருந்தார். சின்னப் பிள்ளை. அபூ உமைர் என்று கூப்பிடுவார்கள். அவரிடம் நுகைர் எனும் ஒரு சின்னக் குருவி இருந்தது. அதோடு விளையாடிக்கொண்டிருப்பார். நபி (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தப் பிள்ளையிடம் பேசுவார்கள். ஒரு நாள் குருவி இறந்துபோய், பிள்ளை வாடிய முகத்தோடு இருந்தது. அண்ணலார் அந்தப் பிள்ளையை, பெரிய மனிதரை அழைப்பது போல அபூ உமைரே என்று அழைத்து, உன் சின்னக் குருவிக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள் (நூல்கள்: புகாரி, முஸ்லிம்).

வஹீயைச் சுமந்தவர்கள், ஓர் அரசை நடத்தியவர்கள், ஒரு பிள்ளையின் குருவியை விசாரிக்க நேரம் ஒதுக்கினார்கள். ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள் இந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட பலன்களை எடுத்துத் தனி நூலே எழுதினார்கள். அவற்றோடு இன்றைக்கு நமக்கு வேண்டிய ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: பிள்ளையின் உலகம் சின்னது. அந்த உலகத்துக்குள் நாம் குனிந்துதான் போக வேண்டும்.

உங்கள் பிள்ளை, "அத்தா, இங்க வாங்க, எறும்பு என்னமோ தூக்கிட்டுப் போகுது" என்று கூப்பிடும்போது, நீங்கள் கைபேசியிலிருந்து தலையை எடுக்காமல் "ம்" என்கிறீர்கள். பிள்ளை இரண்டு முறை கூப்பிடும், மூன்று முறை கூப்பிடும். பிறகு கூப்பிடாது. பதினைந்து வயதில் "என்னிடம் எதையும் சொல்வதில்லை" என்று நீங்கள் வருந்துவீர்கள். அது பதினைந்து வயதில் தொடங்கிய விஷயம் அல்ல.

மூன்று வழிகளில் ஒன்று

ஒரு பூச்சியைக் கண்டதும் சின்னப் பிள்ளை மூன்றில் ஒன்றைச் செய்யும். வீல் என்று அலறும். அல்லது செருப்பால் நசுக்கும். அல்லது குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பார்க்கும்.

அலறுவதை யார் கற்றுக் கொடுத்தது? கரப்பானைக் கண்டு நாற்காலியில் ஏறும் பெரியவர்கள். நசுக்குவதை யார் கற்றுக் கொடுத்தது? "அடி, அடி, கொல்லு" என்று சொல்லிக் கைதட்டும் பெரியவர்கள். மூன்றாவதை, உட்கார்ந்து பார்ப்பதை, யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ராவில், இயற்கையான தூய நிலையில் பிறக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை நாம் அறிவோம். வியந்து பார்ப்பது அந்தத் தூய நிலையோடு வந்தது. முதல் இரண்டும் நாம் கொடுத்தவை.

தட்டானைப் பிடித்து வாலில் நூல் கட்டிப் பறக்கவிடுவது நம் ஊர்ப் பிள்ளைகளின் பழைய விளையாட்டு. பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் அடைத்துப் பைக்குள் வைத்துக்கொள்வது இன்னொன்று. உயிருள்ள ஒன்றைக் கட்டிவைத்துக் குறிபார்த்து அடிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படிச் செய்த இளைஞர்களைக் கண்ட இப்னு உமர் (ரலி) அவர்கள், அண்ணலாரின் சாபம் அத்தகையவர் மீது உண்டு என்று எச்சரித்தார்கள் (நூல்: புகாரி). நூல் கட்டிய பிள்ளைக்கு மூன்று வயது. அதன் மீது பாவம் எழுதப்படாது. ஆனால் நூலை எடுத்துக் கொடுத்த நமக்கு?

இதைவிடக் கடுமையான பாடமும் இருக்கிறது. முன்னிருந்த நபிமார்களில் ஒருவரை ஓர் எறும்பு கடித்தது. அவர் அந்த எறும்புப் புற்றையே எரிக்கச் சொன்னார். கடித்தது ஓர் எறும்பு. அதற்காகத் தஸ்பீஹ் செய்யும் ஒரு சமுதாயத்தையே எரித்துவிட்டீரே என்ற கருத்தில் அல்லாஹ் அவருக்கு வஹீ அறிவித்தான் (நூல்கள்: புகாரி, முஸ்லிம்). எறும்புக் கூட்டத்தை அல்லாஹ் உம்மத் என்று சொல்கிறான். பூமியில் ஊர்வதும் பறப்பதும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்பது 6:38-ன் கருத்து. கருப்பு எறும்பு நம்ம ஆளு, கடிக்கிற சிவப்பு எறும்பு அவங்க ஆளு என்று பிள்ளைகள் சொல்லிக்கொள்வதைச் சில ஊர்களில் கேட்டிருப்பீர்கள். கேட்டால் சிரிக்காதீர்கள், திருத்துங்கள். கருப்பும் சிவப்பும் அல்லாஹ்வைத் துதிக்கிற உம்மத்துதான்.

எப்படிக் கற்றுக் கொடுப்பது?

கண்ணியமானவர்களே! பேசிவிட்டுப் போவது எளிது. உஸ்தாதுமார்களும் உம்மாமார்களும் வீட்டிலும் மக்தபிலும் செய்யக்கூடிய ஐந்து காரியங்களைச் சொல்கிறேன். எதற்கும் பெரிய செலவில்லை.

முதலாவது, எறும்பு விருந்து. ஓர் அட்டையில் நான்கு மூலைகளில் கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் உப்பு, ஒரு அரிசிக் குருணை, கடலைத் தூள் வையுங்கள். கடிக்காத சின்னக் கருப்பு எறும்பு போகும் இடத்தில் வைத்துவிட்டு, எது முதலில் தீரும் என்று பிள்ளையிடம் கேளுங்கள். சொல்லட்டும். பிறகு இருந்து பார்க்கட்டும். வரிசை உண்டானதும், நடுவில் ஈரத்துணியால் ஒரு கோடு துடையுங்கள். எறும்புகள் அங்கே வந்ததும் தடுமாறும். ஏனென்றால் அவை தரையில் ஒரு வாசனையை விட்டுச் செல்கின்றன. பின்னால் வருவது அதை மோப்பம் பிடித்து வருகிறது. சற்று நேரத்தில் மறுபடி வழி கண்டுபிடித்துவிடும். அப்போது ஸூரத்துந் நம்லின் கதையைச் சொல்லுங்கள். சுலைமான் நபியின் படை வருகிறது. ஓர் எறும்பு, எல்லோரும் வீட்டுக்குள் போய்விடுங்கள், அவர்கள் தெரியாமல் மிதித்துவிடப் போகிறார்கள் என்று தன் கூட்டத்தை எச்சரிக்கிறது. வரிசையைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அந்தக் கதை ஆயுளுக்கும் மறக்காது.

இரண்டாவது, கறிவேப்பிலைப் புழு. உங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியிலும் எலுமிச்சைச் செடியிலும் பறவை எச்சம் போல ஒரு சின்னப் புழு இருக்கும். வளர்ந்தால் இலைப் பச்சையாகிவிடும். மருந்து அடிக்காத செடியிலிருந்து ஒரு கிளையோடு எடுத்து, வாய் அகன்ற பாட்டிலில் வைத்து, மெல்லிய துணியால் மூடுங்கள். தினமும் புதிய இலை போடுவதும், கழிவைத் துடைப்பதும் பிள்ளையின் வேலை. தொட்டால் தலைப்பக்கமிருந்து இரட்டைக் கொம்பை நீட்டி ஒரு வாடை விடும். அதுதான் அல்லாஹ் அதற்குக் கொடுத்த ஆயுதம். சில முறை தோல் உரிக்கும். ஒரு நாள் சாப்பிடுவதை நிறுத்தி, ஒரு நூலால் தன்னைக் குச்சியில் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். சுமார் பத்து நாள் ஒரு அசைவும் இருக்காது. பிள்ளை "செத்துடுச்சா?" என்று கேட்கும். பொறுத்திரு என்று சொல்லுங்கள். ஸப்ரு என்ற வார்த்தைக்குப் பொருள் அந்தப் பத்து நாளில் விளங்கும். பிறகு ஒரு காலையில் கூடு பிளந்து, கசங்கிய இறகோடு வண்ணத்துப்பூச்சி வரும். உடலின் நீரை இறகுகளுக்குள் செலுத்தி அவற்றை விரிக்கும். காய்வதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். உதவுகிறேன் என்று கூட்டைப் பிரிக்கக் கூடாது. காய்ந்ததும் பிள்ளையின் கையாலேயே திறந்து விடச் சொல்லுங்கள். உடல் முழுக்க முடியுள்ள கம்பளிப்பூச்சியை மட்டும் தொட விடாதீர்கள், அரிக்கும், தடித்துவிடும்.

உயிரற்றுக் கிடப்பது போல் கிடந்ததிலிருந்து உயிர் எழுந்து வருவதைப் பார்த்த கண், பத்து வயதில் கப்ரிலிருந்து எழுப்பப்படுவதைப் பற்றிப் படிக்கும்போது திகைக்காது. நான்கு வயதில் அதைச் சொல்ல வேண்டாம். பார்த்தது உள்ளே இருக்கும். வேளை வரும்போது பேசும்.

மூன்றாவது, கால் எண்ணுதல். பத்து வரை எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு இது கணக்குப் பாடம். எறும்புக்கு ஆறு கால், வண்டுக்கு ஆறு, தட்டானுக்கு ஆறு. சிலந்திக்கு எட்டு. அதனால் சிலந்தி பூச்சி இனத்தில் சேராது. ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். காலையில் பனி படிந்த சிலந்தி வலையைக் காட்டி, வீடுகளிலேயே பலவீனமானது சிலந்தியின் வீடு என்ற 29:41-ன் கருத்தைச் சொல்லுங்கள். "அல்லாஹ்வை விட்டுட்டு வேற எதைப் பிடிச்சாலும் இப்படித்தான் பிஞ்சிடும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுங்கள். களிமண்ணில் எறும்பு செய்ய விடலாமா, அது உருவம் ஆயிற்றே என்று சிலர் தயங்குவார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மை வைத்து விளையாடியதையும், அதில் இறகுள்ள குதிரை இருந்ததையும் கண்ட நபி (ஸல்) அவர்கள் சிரித்தார்களே தவிரத் தடுக்கவில்லை (நூல்: அபூதாவூத்). அதை வைத்தே, பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளுக்கு உலமாக்களில் பெரும்பாலோர் அனுமதி தருகிறார்கள். பேணுதலாக இருக்க விரும்புகிறவர், புற்றையும் இலையையும் கூட்டையும் செய்ய விடட்டும். அதிலும் பாடம் நடக்கும்.

நான்காவது, தேனீயைத் தூரத்திலிருந்து பார்த்தல். முருங்கை பூத்திருக்கும் நேரம் நல்ல நேரம். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூன்றடி தள்ளி நின்று, ஒரு தேனீ எத்தனை பூவில் உட்காருகிறது என்று எண்ணட்டும். ஒரு வேலைக்காரத் தேனீ தன் ஆயுள் முழுக்க உழைத்தால் ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு தேன்தான் சேரும். பூ இருக்கும் திசையை ஆடிக் காட்டித் தன் கூட்டத்துக்குச் சொல்லும். அந்த ஆட்டத்தின் பொருளைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷ் என்ற ஆய்வாளருக்கு 1973-ல் நோபல் பரிசு கிடைத்தது. தேனீக்கு அந்த அறிவைக் கொடுத்தவன் யார்? மலைகளிலும் மரங்களிலும் வீடு கட்டிக்கொள், உன் இறைவன் எளிதாக்கித் தந்த வழிகளில் செல் என்று தேனீக்கு அறிவித்ததாக 16:68, 69 வசனங்களில் அல்லாஹ் சொல்கிறான். அரபு படித்தவர்கள் கவனித்திருப்பார்கள், அங்கே ஏவல் வினைகள் எல்லாம் பெண்பாலில் வருகின்றன. தேன் சேகரிக்கப் போகும் தேனீக்களும் பெண்தான். பார்த்து முடித்த பிறகு, பிஸ்மில்லாஹ் சொல்லி விரலில் ஒரு சொட்டுத் தேன் வையுங்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதற்கு வேண்டாம். ஒரு வயது நிறையும் வரை தேன் கொடுக்கக் கூடாது என்பது மருத்துவர்களின் அறிவுரை.

ஐந்தாவது, கொசுப்புழு. மாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்னால் உள்ள தட்டு ஆகியவற்றைப் பிள்ளையோடு போய்ப் பாருங்கள். தேங்கிய தண்ணீரில் நெளிந்து நெளிந்து மேலே வந்து மூச்சு வாங்கும் புழுவைக் காட்டுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் அது கொசுவாகிப் பறக்கும். டெங்குவைப் பரப்பும் கொசு இப்படிப்பட்ட தெளிந்த தண்ணீரில்தான் பெருகுகிறது. அந்தத் தண்ணீரைக் காய்ந்த தரையில் பிள்ளையே கொட்டட்டும். ஜும்ஆவுக்குக் குளிக்கும் முன் வாரம் ஒரு முறை இந்த வேலை என்று வைத்துக்கொண்டால், தெருவே பயன்பெறும். எல்லா உயிரும் அல்லாஹ்வின் படைப்புதான். அதே நேரம் தீங்கு தருவதிலிருந்து நம்மையும் அண்டை வீட்டாரையும் காப்பதும் தீன்தான். இரண்டையும் பிள்ளை சேர்த்தே கற்க வேண்டும்.

பேண வேண்டிய ஒழுங்குகள்

சகோதரர்களே! இந்தக் கல்விக்கும் அதபு உண்டு. எறும்பு, தேனீ, ஹுத்ஹுத் பறவை, ஸுரத் பறவை ஆகிய நான்கைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் (நூல்: அபூதாவூத்). தொல்லை தரும் பூச்சியை அகற்றவும், வேறு வழியில்லாதபோது கொல்லவும் மார்க்கம் அனுமதிக்கிறது, வதைப்பதை அனுமதிக்கவில்லை.

குறிப்பாக நெருப்பு. பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்து எறும்பைச் சுடுவது பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடித்துப்போகும் விளையாட்டு. ஸஹாபாக்கள் ஒரு பயணத்தில் எறும்புப் புற்றை எரித்திருந்தார்கள். அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், நெருப்பால் தண்டிக்கும் உரிமை நெருப்பின் இறைவனுக்கு மட்டுமே உண்டு என்று கண்டித்தார்கள். அதே பயணத்தில் ஒரு தாய்ப்பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்தவர்களிடம், அவற்றைத் தாயிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள் (நூல்: அபூதாவூத்). ஆகவே பூதக்கண்ணாடி கொடுக்கும்போதே இந்த ஹதீஸையும் சேர்த்துக் கொடுங்கள். பாட்டிலில் வைத்தது எதுவானாலும் திரும்ப விட்டாக வேண்டும். கையைக் கழுவ வேண்டும். உஸ்தாதோ உம்மாவோ இல்லாமல் எதையும் தொடக்கூடாது. இவை போதும்.

சில நேரம் புழு செத்துப்போகும். பிள்ளை அழும். அப்போது "போனா போகுது, வேற புடிச்சித் தர்றேன்" என்று சொல்லாதீர்கள். அபூ உமைரின் குருவியை விசாரித்த நாயகத்தை நினையுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். கொடுத்தவன் எடுத்துக்கொண்டான் என்று சொல்லுங்கள். சேர்ந்து மண்ணில் புதையுங்கள். ஒரு புழுவுக்காக அழுத கண், நாளை ஒரு யதீமுக்காகவும் அழும். புழுவுக்காக அழாதே என்று அடக்கப்பட்ட கண் எதற்காக அழும் என்று நமக்குத் தெரியாது.

பிள்ளைகள் கேள்வியும் கேட்கும். "எறும்புக்கு உம்மா யாரு? அது தொழுமா?" என்று கேட்கும். அவற்றின் தஸ்பீஹை நீங்கள் விளங்கிக்கொள்ள மாட்டீர்கள் என்று 17:44-ல் அல்லாஹ்வே சொல்லியிருக்கிறான். ஆகவே, "அது அல்லாஹ்வைப் புகழுது, எப்படின்னு அவனுக்குத்தான் தெரியும்" என்று சொன்னால் அது குறைவான பதில் ஆகாது. அத்தாவுக்குத் தெரியாதது அல்லாஹ்வுக்குத் தெரியும் என்பதே ஒரு பிள்ளை பெறக்கூடிய பெரிய பாடம்.

ஓர் எறும்பு தந்த துஆ

கண்ணியமானவர்களே! சுலைமான் நபியின் கதையில் நாம் வழக்கமாக எறும்போடு நின்றுவிடுகிறோம். அடுத்த வசனத்தைப் பாருங்கள். ஜின்னும் மனிதனும் பறவையும் அணிவகுத்த படையின் தலைவர், ஓர் எறும்பின் பேச்சைக் கேட்டார். கேட்டுப் புன்னகைத்தார். உடனே கையேந்தினார். என்ன கேட்டார்? என் மீதும் என் பெற்றோர் மீதும் நீ செய்த அருளுக்கு நான் நன்றி செலுத்த எனக்கு வாய்ப்பளி, நீ பொருந்திக்கொள்ளும் நற்செயலைச் செய்ய வாய்ப்பளி என்ற கருத்தில் துஆ செய்தார் (27:19).

ஓர் எறும்பைக் கவனித்த மகனின் நாவில் பெற்றோரின் ஞாபகம் வந்தது. நாம் எல்லோரும் எதற்குப் பிள்ளை வளர்க்கிறோம்? நாம் போன பிறகு நமக்காக ஒரு துஆ வர வேண்டும் என்றுதானே? அந்த துஆவுக்கு உள்ளம் நன்றியில் பழகியிருக்க வேண்டும். அருளைக் கவனித்துப் பார்க்கத் தெரியாதவனுக்கு நன்றி எங்கிருந்து வரும்? நாற்பது வயதில் வயலையும் வானத்தையும் பார்த்து சுப்ஹானல்லாஹ் சொல்ல நாக்கு வராத மனிதர், நான்கு வயதில் அப்படிச் சொல்ல யாரும் பழக்காத பிள்ளையாக இருந்திருக்கலாம்.

ஆகவே பெற்றோர்களே, பாலர் வகுப்பின் அந்த அரை மணி நேரத்தைக் குறை சொல்லாதீர்கள். அலிஃப், பா குறையாது. அதோடு நின்றுவிடாமல், இந்த வாரம் ஒரே ஒரு நாள், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் கால் மணி நேரம், கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்து வாசலுக்கு வாருங்கள். ஓர் எறும்பு வரிசையைத் தேடுங்கள். பிள்ளையோடு குத்துக்கால் போட்டு உட்காருங்கள். நீங்கள் அதிகம் பேச வேண்டாம். "சுப்ஹானல்லாஹ், பார்த்தியா!" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தாத்தா, நன்னிமார்களுக்கு இது இன்னும் எளிது. உங்களுக்கு நேரமும் இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் கண்களை உன் அத்தாட்சிகளைக் காணும் கண்களாக ஆக்குவாயாக! அவர்களின் கைகளை எந்த உயிரையும் வதைக்காத கைகளாக ஆக்குவாயாக! அவர்கள் கூப்பிடும்போது திரும்பிப் பார்க்கும் பெற்றோராக எங்களை ஆக்குவாயாக! அவர்களை உனக்கு நன்றி செலுத்துகிறவர்களாகவும், எங்களுக்குப் பின் எங்களுக்காக துஆ செய்கிறவர்களாகவும் ஆக்கி அருள்வாயாக! எங்கள் மஹல்லாவின் மக்தபையும் உஸ்தாதுமார்களையும் கபூல் செய்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.